'டெஸ்ட் செய்தது' என்று எழுதியிருந்தால் போதுமா? தற்காலிக விளிம்புத் தடுப்பின் வலிமைச் சோதனை

கேள்வி: பல மாடிக் கட்டடம் ஒன்றில் ஸ்லாப் விளிம்புகளுக்கும் மொட்டைமாடிக்கும், ஆட்கள் கீழே விழாமலிருக்கத் தற்காலிகத் தடுப்பு வாங்கப் போகிறோம். "இஎன் 13374 தரப்படி டெஸ்ட் செய்யப்பட்டது" என்று சப்ளையர் ஒரு பக்கச் சான்றிதழ் கொடுத்திருக்கிறார். வெளி ஆய்வகத்தில் செய்த சோதனை அறிக்கை இல்லாமல் வாங்கக் கூடாது என்கிறார் எங்கள் பாதுகாப்பு அதிகாரி. அது அவ்வளவு அவசியமா? அறிக்கை கிடைத்தால் அதில் எதைப் பார்க்க வேண்டும்? கையில் இருக்கும் பழைய தடுப்புகளை என்ன செய்வது?

பதில்:

உங்கள் பாதுகாப்பு அதிகாரி கேட்பது சரி. ஆனால் வெளி ஆய்வகத்தின் முத்திரை கிடைத்ததோடு வேலை முடிந்துவிடாது. எந்தச் சோதனை அறிக்கையும் சொல்வது ஒன்றைத்தான்: இந்தப் போஸ்ட், இந்தக் கம்பி, இந்த இடைவெளி, இந்தப் பிடிமானம், இந்தத் தளம், இப்படிப் பொருத்தியபோது இவ்வளவு தாங்கியது. அந்த அமைப்பும் உங்கள் சைட்டில் நிற்கப்போகும் அமைப்பும் ஒன்றுதானா என்று ஒப்பிட முடிந்தால்தான் அறிக்கையால் பயன். ஒரு பக்கச் சான்றிதழை வைத்துக்கொண்டு அந்த ஒப்பீட்டைச் செய்ய வழியே இல்லை. அதனால் முதலில் முழு அறிக்கையைக் கேளுங்கள்.

இஎன் 13374 என்பது ஐரோப்பியத் தரம். 2004இல் வந்தது, 2013இல் திருத்தப்பட்டது, 2018இல் ஒரு சேர்க்கை வந்தது. தடுப்புகளை அது ஏ, பி, சி என்று மூன்று வகுப்பாகப் பிரிக்கிறது. ஏ வகுப்பு 10 பாகை வரை சரிவுள்ள தளங்களுக்கு. அதாவது சாதாரண ஸ்லாப், மொட்டைமாடி. ஒருவர் சாய்ந்தாலோ, தடுப்பை ஒட்டி நடக்கும்போது கையை ஊன்றினாலோ தாங்க வேண்டும். பி வகுப்பும் சி வகுப்பும் சரிந்த கூரைகளுக்கானவை. அங்கே ஆள் சறுக்கி வந்து மோதுவார் என்பதால் மோதலின் ஆற்றலையும் தடுப்பு உள்வாங்க வேண்டும். நீங்கள் சொன்ன இரண்டு இடங்களும் தட்டையானவை என்றால் ஏ வகுப்பு போதும். சரிந்த கூரை ஒன்று இருந்தாலும் அந்த இடத்துக்கு ஏ வகுப்புத் தடுப்பைக் கொண்டுபோகக் கூடாது. சான்றிதழில் வகுப்பு எழுதியிருக்கிறதா என்று இப்போதே பாருங்கள். வகுப்பைச் சொல்லாமல் தர எண்ணை மட்டும் போட்டிருந்தால் அதற்குப் பொருளே இல்லை.

ஏ வகுப்பின் அளவுகள் எளிமையானவை. மேல் கம்பி தளத்திலிருந்து குறைந்தது 1 மீட்டர் உயரத்தில் இருக்க வேண்டும். நிற்கும் ஒருவரின் எடை மையம் ஏறக்குறைய அந்த உயரத்தில்தான் இருக்கிறது. கம்பி அதற்குக் கீழே போனால், சாய்கிற உடல் தடுப்பின் மேலாகவே புரண்டு வெளியே போய்விடும். இடைக்கம்பிகளுக்கு நடுவே 470 மிமீ விட்டமுள்ள உருண்டை நுழையக் கூடாது. அடிப்பலகையின் மேல் விளிம்பு தளத்திலிருந்து குறைந்தது 150 மிமீ உயரத்தில் இருக்க வேண்டும், பலகைக்கும் தளத்துக்கும் இடையே 20 மிமீக்கு மேல் சந்து இருக்கக் கூடாது. இதையெல்லாம் டேப் வைத்து நீங்களே அளந்துவிடலாம், ஆய்வகம் தேவையில்லை.

வலிமை அப்படி இல்லை. தடுப்பின் எந்த இடத்திலும் அதற்குக் குறுக்காக 0.3 கிலோநியூட்டன் கிடைவிசை கொடுத்தால் 55 மிமீக்கு மேல் அது வளையக் கூடாது. 0.3 கிலோநியூட்டன் என்பது ஏறக்குறைய 30 கிலோ எடைக்குச் சமமான விசை. அடிப்பலகைக்கு 0.2, தடுப்பின் நீளவாக்கில் 0.2. ஆள் கம்பியின் மேலேயே விழுந்தால் என்ன ஆகும் என்பதற்காக மேலிருந்து கீழாக 1.25 கிலோநியூட்டன் விபத்துச் சுமை. இதற்கெல்லாம் மேலே காற்று. எண்களாகப் பார்த்தால் இவை சிறியவை. 30 கிலோ தாங்காத கம்பியும் உண்டா என்று பலர் நினைக்கிறார்கள். கம்பி தாங்கும். பிரச்சினை பெரும்பாலும் அதன் அடியில்தான் வருகிறது.

கணக்கைப் பாருங்கள். 0.3ஐ 1.5 என்ற பாதுகாப்புக் காரணியால் பெருக்கினால் 0.45 கிலோநியூட்டன். அது 1 மீட்டர் உயரத்தில் தள்ளும்போது போஸ்ட்டின் அடியில் 0.45 கிலோநியூட்டன்-மீட்டர் திருப்புவிசை உண்டாகிறது. அடித்தட்டை ஸ்லாப்போடு பிணைக்கும் ஆங்கர் போல்ட்டுக்கும் தட்டு ஊன்றும் விளிம்புக்கும் இடையே 60 மிமீ மட்டுமே இருக்கிறது என்று வையுங்கள். அந்த ஒரு போல்ட்டின் மேல் வரும் இழுவிசை 7.5 கிலோநியூட்டன். மேலே 45 கிலோ தள்ளல், கீழே முக்கால் டன் இழுப்பு. அந்தப் போல்ட்டோ ஸ்லாப் விளிம்பை ஒட்டி, இன்னும் முழு வலிமை பெறாத புதுக் கான்கிரீட்டில் இருக்கிறது. கான்கிரீட் கூம்பாகப் பெயர்ந்து வரலாம், விளிம்பு உடையலாம், துளையிலிருந்து போல்ட் நழுவலாம். குழாய்க்கு ஒரு கீறல்கூட விழாமல் தடுப்பு முழுவதும் கீழே போய்விடும்.

அதனால் அறிக்கை கைக்கு வந்ததும் நான் முதலில் தேடுவது பிடிமானம் எதில் பொருத்திச் சோதிக்கப்பட்டது என்பதைத்தான். உறுதியான எஃகுச் சட்டத்தில் போஸ்ட்டைப் பொருத்தி இழுத்திருந்தால் அது போஸ்ட்டின் சோதனை மட்டுமே, உங்கள் ஸ்லாப்பில் உள்ள பிடிமானத்தைப் பற்றி அது எதுவும் சொல்லாது. கான்கிரீட் துண்டில் பொருத்திச் சோதித்திருந்தால் அதன் வலிமை என்ன, விளிம்பிலிருந்து போல்ட் எவ்வளவு தள்ளி இருந்தது, எவ்வளவு ஆழம், எந்த வகை ஆங்கர் என்று எழுதியிருக்க வேண்டும். ஸ்லாப்பைக் கவ்விப் பிடிக்கும் கிளாம்ப் வகையானால் எந்தத் தடிமன் ஸ்லாப்பில், திருகு எவ்வளவு இறுக்கப்பட்டது என்று இருக்க வேண்டும். 150 மிமீ ஸ்லாப்பில் தேர்ந்த கிளாம்ப் 300 மிமீ ஸ்லாப்பில் அதன் தாடைகள் முழுக்க விரிந்த நிலையில் அதே மாதிரி நடந்துகொள்ளாது. துளை போடாமல் எடைக்கல் வைத்து நிறுத்தும் வகை என்றால் கேள்வியே வேறு. அது வளைவதற்கு முன் நகர்கிறதா, கவிழ்கிறதா என்று பார்க்க வேண்டும். உராய்வு எந்தத் தளத்தின் மேல் அளக்கப்பட்டது, ஈரமாக அளந்தார்களா? காய்ந்த கான்கிரீட்டில் அசையாமல் நின்றது, நீர்க்காப்புப் படலம் விரித்த மாடியில் மழை பெய்தபின் எளிதாக வழுக்கிப் போகலாம்.

அப்புறம், சோதனை ஏன் 'சுயாதீன'மாக, அதாவது வெளியார் கையில், நடக்க வேண்டும் என்பதற்கு வருவோம். உற்பத்தியாளர் பொய் சொல்வார் என்ற சந்தேகத்தால் இதைக் கேட்பதில்லை. தன் தயாரிப்பை வடிவமைத்தவருக்கு அதைச் சரியாகப் பொருத்தத் தெரியும். அவர் கை வைத்தால் இணைப்பு ஊசி முழுக்க உள்ளே போகும், கொக்கி முழுக்கப் பூட்டும், சுமையும் போஸ்ட்டுக்கு நேராகவே வரும். சம்பந்தமில்லாத ஒருவர் அறிவுறுத்தல் தாளை மட்டும் வைத்துக்கொண்டு பொருத்தி, எங்கே தள்ளினால் அதிகம் வலிக்கும் என்று தேடுவார். இரண்டு கம்பிகள் சேரும் இணைப்பு, கடைசிப் போஸ்ட்டுக்கு வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் முனை, மூலை, போஸ்ட்டுகளுக்கு நட்டநடு என்று மோசமான இடங்களில்தான் சுமை வைக்கப்பட வேண்டும். மாதிரியை யார் எடுத்தார்கள் என்பதும் இதே கேள்விதான். உற்பத்தியாளர் தனியாகச் செய்து அனுப்பிய மாதிரிக்கும், கிடங்கின் அடுக்கிலிருந்து ஆய்வாளரே கை வைத்து எடுத்த மாதிரிக்கும் வேறுபாடு உண்டு. அறிக்கையில் மாதிரியெடுப்பு பற்றி ஒரு வரியாவது இருக்கிறதா பாருங்கள். 'வாடிக்கையாளர் வழங்கிய மாதிரி' என்று இருந்தால் அறிக்கை தவறு என்று ஆகாது, ஆனால் அது அந்த மாதிரியைப் பற்றி மட்டுமே பேசுகிறது.

ஆய்வகங்களின் திறமைக்கான உலகத் தரம் ஐஎஸ்ஓ/ஐஇசி 17025. இதில் பலர் கவனிக்காத ஒரு விஷயம் இருக்கிறது. அந்தத் தரப்படி கொடுக்கப்படும் அங்கீகாரம் ஆய்வகம் செய்கிற எல்லாவற்றுக்கும் பொதுவாகக் கிடைப்பதில்லை, குறிப்பிட்ட சோதனை முறைகளுக்குத்தான் கிடைக்கிறது. சிமென்ட் சோதனைக்கு அங்கீகாரம் பெற்ற இடம் தடுப்பை இழுத்துப் பார்த்து அறிக்கை கொடுத்தால் அந்த அறிக்கைக்கு அங்கீகாரம் பொருந்தாது. அங்கீகாரம் அளித்த அமைப்பின் பட்டியலில் அந்த ஆய்வகத்தின் பெயரைத் தேடி, இஎன் 13374 அதன் வரம்புக்குள் இருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள். ஐந்து நிமிட வேலை.

இனி, விளம்பரத் தாள்கள் மிக எளிதாக மறைத்துவிடும் ஒரு விஷயத்தைச் சொல்கிறேன். கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள். ஒரு தடுப்பு 0.65 கிலோநியூட்டன் வரை தாங்கி, பிறகுதான் வளைந்துபோனது என்று வையுங்கள். தேவை 0.3, தாங்கியதோ இரண்டு மடங்குக்கு மேல். அருமையான தயாரிப்பு என்றுதான் தோன்றும். ஆனால் வடிவமைப்பில் எழுதியிருக்கும் எஃகின் நெகிழ்வு எல்லை, அதாவது எஃகு நிரந்தரமாக வளையத் தொடங்கும் அளவு, சதுர மிமீக்கு 235 நியூட்டன். சோதனைக்கு வந்த குழாயிலிருந்து ஒரு துண்டை வெட்டி இழுத்துப் பார்த்தால் 320 வருகிறது. இது வெகு சாதாரணமாக நடப்பது, ஏனென்றால் எஃகு ஆலை குறைந்தபட்ச அளவைத் தாண்டியே அனுப்பும். அடுத்த முறை வாங்கும் குழாய் 240 ஆக இருந்தாலும் வாங்கியவர் குறை சொல்ல முடியாது, அதுவும் விதிக்கு உட்பட்டதுதான். எனவே 0.65ஐ 235/320 என்ற விகிதத்தால் குறைக்க வேண்டும். கிடைப்பது 0.477. தேவையோ 0.3ஐ 1.5 ஆல் பெருக்கி, பொருளுக்கான காரணி 1.1 ஆலும் பெருக்கினால் 0.495. தடுப்பு தேறவில்லை. அதே சோதனை, அதே குழாய், கணக்கை முழுதாகப் போட்டால் முடிவு தலைகீழாகிறது. ஆகவே அறிக்கையில் 'அளக்கப்பட்ட பொருள் வலிமை' என்ற பகுதி இருக்கிறதா, அதைக் கொண்டு முடிவு திருத்தப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். அது இல்லாமல் வெறும் 'தாங்கியது' என்று எழுதியிருந்தால் சப்ளையரிடம் கேள்வி கேளுங்கள்.

குழாயின் தடிமனும் இப்படித்தான். 48.3 மிமீ குழாயின் சுவர் 3.2 மிமீயிலிருந்து 2.6 மிமீ ஆனால் வளைவு வலிமை ஏறக்குறைய 16 சதவீதம் குறைகிறது. வெளியிலிருந்து பார்த்தால் இரண்டும் ஒன்றுதான். அறிக்கையில் உள்ள வரைபடத்தை எடுத்துக்கொண்டு, உங்களுக்கு வந்த சரக்கில் நாலைந்து துண்டுகளை வெர்னியர் வைத்து அளந்து பாருங்கள். அறிக்கை எந்த ஆண்டில் எடுத்தது, அதன்பின் தயாரிப்பில் என்ன மாறியது என்று எழுத்தில் கேளுங்கள். வெல்டிங் முறை மாறியிருந்தாலும் அது மாற்றம்தான்.

போஸ்ட் இடைவெளி அடுத்தது. 2.4 மீட்டர் இடைவெளியில் சோதித்த கம்பியை நீங்கள் 3 மீட்டருக்குப் போட்டால், நடுவில் அதே விசைக்கு அது வளையும் அளவு இரண்டு மடங்கு நெருங்குகிறது. வளைவு இடைவெளியின் மூன்றாம் படியைப் பொறுத்தது என்பதால் இப்படி. 40 மிமீ வளைந்து தேறியது 78 மிமீக்குப் போய்விடும், எல்லை 55தான். சைட்டில் போஸ்ட் போதவில்லை என்று 'கொஞ்சம்' தள்ளிப் போடுகிறவர்களுக்கு இந்தக் கணக்கைக் காட்டுங்கள்.

காற்றை யாரும் மதிப்பதில்லை என்பது என் நெடுநாள் ஆதங்கம். தரம் எடுத்துக்கொள்ளும் உச்சக் காற்றழுத்தம் சதுர மீட்டருக்கு 600 நியூட்டன். இடைவெளி அதிகமுள்ள கம்பித் தடுப்புக்கு இது பெரிய விஷயமில்லை. அதே தடுப்பில் பெயர்ப் பலகையோ தார்ப்பாயோ அடர்ந்த வலையோ கட்டினால்? 2.4 மீட்டர் அகலம், 1.1 மீட்டர் உயரம் முழுக்க மூடியதாக வைத்துக்கொண்டால் ஒரு போஸ்ட்டுக்கு ஏறக்குறைய 1.58 கிலோநியூட்டன் வருகிறது. அது நடு உயரத்தில் தள்ளுவதால் அடியில் 0.87 கிலோநியூட்டன்-மீட்டர். பாதுகாப்புக் காரணி சேர்க்காமல் பார்த்தால், ஆள் சாய்வதால் வரும் 0.3ஐப்போல கிட்டத்தட்ட மூன்று மடங்கு. திறந்த மெஷ்ஷோடு (கம்பிவலையோடு) சோதித்த அறிக்கை, துணி கட்டிய மெஷ்ஷுக்குச் செல்லாது. கம்பெனிப் பெயர் தெரிய வேண்டும் என்று பேனர் கட்டச் சொல்கிறவரிடம் தயங்காமல் மறுத்துவிடுங்கள்.

சரிந்த கூரைக்கான சோதனைகளைச் சுருக்கமாகச் சொல்கிறேன். பி வகுப்பில் 50 கிலோ பை ஒன்றை ஊசல்போல ஆட்டி மோதவிடுகிறார்கள். தளத்திலிருந்து 200 மிமீ உயரம் வரையுள்ள பகுதி 1100 ஜூல் ஆற்றலையும் அதற்கு மேலுள்ள பகுதி 500 ஜூலையும் தாங்க வேண்டும். 1100 ஜூல் என்பது அந்தப் பை 2.2 மீட்டருக்குச் சற்று மேலிருந்து விழுவதற்குச் சமம். சி வகுப்பில் கீழ்ப் பகுதிக்கு 2200 ஜூல். சறுக்கி வருகிற ஆள் தளத்தோடு ஒட்டியே வந்து மோதுவார் என்பதால்தான் கீழ்ப் பகுதிக்கு இவ்வளவு அழுத்தம். இந்த மோதலைக் காகிதத்தில் கணக்கிட்டு நம்ப முடியாது. கொக்கி தெறிப்பதையும் வலை கிழிவதையும் நேரில் மோதவிட்டுத்தான் தெரிந்துகொள்ள முடியும். ஏ வகுப்பில் நிலைச்சுமைகளைக் கணக்கு வழியாகவும் காட்டலாம், தரம் அதை ஏற்கிறது. நேரான குழாய்க்குக் கணக்கு நன்றாகவே பொருந்தும். தளர்வான பொருத்துகுழி, ஊசி, வளைத்த கொக்கி இவற்றுக்குப் பொருந்தாது. அந்த இணைப்புகளுக்காவது சோதனை கேளுங்கள்.

வேறு நாட்டு விதிப்படி சோதித்ததைக் காட்டி 'இதுவும் அதுவும் ஒன்றுதான்' என்று சிலர் சொல்வார்கள். ஒன்றல்ல. அமெரிக்கத் தொழிலிடப் பாதுகாப்புத் துறையான ஓஷாவின் விதியில் மேல் கம்பி 42 அங்குல உயரம், 3 அங்குலம் கூடலாம் குறையலாம். 200 பவுண்டு, அதாவது 890 நியூட்டன் விசையைத் தாங்க வேண்டும். விசை பெரியது, ஆனால் 55 மிமீ போன்ற வளைவு எல்லை அங்கே இல்லை. கம்பி 39 அங்குலத்துக்குக் கீழே இறங்காமல் இருந்தால் சரி. ஆஸ்திரேலியாவும் நியூசிலாந்தும் தங்களுக்கென்று ஏஎஸ்/என்இசட்எஸ் 4994 வைத்திருக்கின்றன. உங்கள் ஒப்பந்தமும் நாட்டு விதியும் எதைக் கேட்கின்றனவோ அதற்கான அறிக்கையையே வாங்குங்கள். இன்னொன்று: இஎன் 13374 வேலையாட்களுக்கான தடுப்பு பற்றியது. பொதுமக்கள் கூடி நிற்கும் இடத்துக்கோ வண்டி வந்து மோதும் இடத்துக்கோ அது பொருந்தாது, எவ்வளவு நல்ல அறிக்கை இருந்தாலும் சரி.

பழைய தடுப்புகளைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். எந்த நிறுவனத்தின் எந்த மாடல் என்று அடையாளம் தெரிகிற, அறிக்கை கிடைக்கிற பொருட்களைத் தனியே பிரியுங்கள். வளைந்த போஸ்ட், துருவால் சுவர் மெலிந்த குழாய், சைட்டில் வெல்டிங் வைத்து ஒட்டுப்போட்டவை, ஒரு முறை பலமாக மோதப்பட்டவை இவற்றை விலக்கிவிடுங்கள். மோதலை உள்வாங்கிய எஃகு நேராகத் தெரிந்தாலும் அதன் ஆற்றல் ஏற்கெனவே செலவாகியிருக்கலாம். வெயிலில் கிடந்த பிளாஸ்டிக் அடிப்பலகையும் வலையும் கண்ணுக்குத் தெரியாமல் நொறுங்கும் தன்மைக்கு வந்துவிடும். மரப் பலகை பயன்படுத்தினால், அறிக்கையில் சொன்ன தரமும் தடிமனும் அதுவாகவே இருக்க வேண்டும்.

ஒருவர் தயாரித்த போஸ்ட்டில் இன்னொருவரின் பேனலை மாட்டுவதை மட்டும் அனுமதிக்காதீர்கள். இரண்டும் தனித்தனியாகத் தேறியவையாக இருக்கலாம். அவை சேரும் கொக்கியை யாரும் சோதித்ததில்லை. ஒரு மிமீ தளர்வு போதும், மேல்நோக்கி ஒரு தட்டுத் தட்டினால் பேனல் கழன்று வந்துவிடும். அந்தக் கலவை தவிர்க்க முடியாதது என்றால் அதையே ஒரு புது அமைப்பாகக் கருதி ஆய்வகத்துக்கு அனுப்புங்கள்.

சைட்டிலேயே ஒரு சோதனை செய்யலாமா என்றும் அடுத்து கேட்பீர்கள். செய்யலாம், அது ஆய்வகச் சோதனைக்கு மாற்று ஆகாது. அங்கே உங்களால் கண்டுபிடிக்க முடிவது பிடிமானத்தை. சில ஆங்கர்களைத் தகுதியுள்ள இன்ஜினியர் ஒருவர் இழுவிசைக் கருவி வைத்துச் சோதிக்கட்டும். போஸ்ட்டின் தலையில் 0.3 கிலோநியூட்டன் கொடுத்து வளைவை அளக்கட்டும். அப்போது விளிம்பில் யாரும் தடுப்பை நம்பி நிற்கக் கூடாது, சோதிப்பவர் தனி ஆங்கரில் ஹார்னஸ் மாட்டியிருக்க வேண்டும், கீழே உள்ள பகுதியை மூடியிருக்க வேண்டும். வளைவு ஆய்வக அறிக்கையில் உள்ளதைவிட வெகுவாக அதிகமாக வந்தால், அந்த வித்தியாசம் ஸ்லாப்பிலா ஆங்கரிலா அடித்தட்டிலா என்று கண்டுபிடிக்கும் வரை அந்த மாடி விளிம்பில் வேலையை நிறுத்தி வையுங்கள்.